தல்லாகுளத்தில் ஒரு கடல் தொட்டி: எந்த ஃபில்டர் என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது

"தம்பி, நத்தையெல்லாம் மறுபடியும் செத்துப்போச்சு. இந்த ஃபில்டரைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்திடலாம்னு இருக்கேன். எது நல்ல ஃபில்டர்னு மட்டும் சொல்லுங்க."

நவம்பரில் ஒரு காலை வந்த போன் இது. பேசியவர் மதுரை தல்லாகுளத்தில் பல் மருத்துவமனை நடத்தும் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், நாலடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்களும் மென்பவளங்களும் வளர்க்கிறார். தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. பல் பிடுங்கப் பயந்து அழும் குழந்தைகள் அதன் முன்னால் நின்றால் அழுகையை மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கணக்கு. நான் போன அன்று குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் பாசியைத்தான்.

என் பிழைப்பு ஆர்.ஓ. இயந்திரங்களுக்கு சர்வீஸ் செய்வது. ஆறு வருடமாக வீட்டில் ஒரு சின்னக் கடல் தொட்டி வைத்திருக்கிறேன். அந்த வகையில்தான் டாக்டருக்குப் பழக்கம். வைகை கடலுக்குப் போய்ச் சேராத ஆறு என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கடலை வைகைக் கரைக்கே கூட்டி வந்து கண்ணாடிக்குள் உட்கார வைத்தால் என்னென்ன வம்பு வரும் என்பதை இந்தத் தொட்டி ஆறு மாதத்தில் எனக்குக் காட்டிவிட்டது. இதில் நான் செய்த ஒரு பெரிய தவறும் உண்டு. அதை எழுதாவிட்டால் இந்த ஆய்வுக்கே அர்த்தமில்லை.

முதல் நாள் கண்டது

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். கல்லும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒன்பது மீன்கள். ஒரு ஜோடி க்ளவுன் மீன் நன்றாகத் தின்று கொழுத்திருந்தது. கல் முழுக்க முடிபோல் பச்சைப் பாசி. மஷ்ரூம் பவளங்கள் காசு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. மொட்டு மொட்டாகக் கூட்டமாக வளரும் சோவாந்திட் பவளத்தில் பாதி மொட்டு திறக்கவே இல்லை. நத்தை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் போயிற்று. சுத்தம் செய்யும் இறால் ஒன்று இருந்ததாம், அதுவும் இல்லை.

ஃபில்டர் என்று இருந்தது அலமாரிக்குள் ஒரு கேனிஸ்டர். நன்னீர்த் தொட்டிக்கு வைக்கும் அதே டப்பா. உள்ளே ஸ்பாஞ்ச், பீங்கான் வளையங்கள், ஓரத்தில் ஒரு யூ.வி. விளக்கு. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். வரவேற்பில் இருக்கும் அக்கா டாக்டரைப் பார்த்தார், டாக்டர் அக்காவைப் பார்த்தார். நாலு மாதம் இருக்கும் என்று முடிவாயிற்று. திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். அந்த நேரம் காத்திருந்த நோயாளிகளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

உப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து, உப்பால் தண்ணீர் எவ்வளவு கனமாகிறது என்ற அளவு) 1.029. இருக்க வேண்டியது 1.025, 1.026. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக அக்கா உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாஸ்பேட் 0.6 (பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). நைட்ரேட்டைப் பார்த்தால், கிட்டோடு வரும் அட்டையில் 50க்கு மேல் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது. சாம்பிள் ஒரு பங்குக்கு நாலு பங்கு சுத்த நீர் கலந்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்கினேன்: 80. தண்ணீரே மாற்றாமல் ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தபோது 87.

அந்த ஏழுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாரம் ஏழு ஏறுகிற தொட்டியில், வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் என்ன ஆகும்? நைட்ரேட் 70ஐத் தொடும்வரை ஏறிக்கொண்டே போகும். 70ல் பத்து சதவீதம் ஏழு, அதனால் ஏறுவதும் போவதும் அங்கே சரிக்குச் சரியாகி நின்றுவிடும். மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் மாற்றினார்கள். அப்படியானால் நிற்கிற இடம் 140. எட்டு மாதத்தில் 80க்கு வந்திருந்தது, இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அழுக்கு உண்டாகும் வேகம் குறையாமல், வாளியால் மட்டும் அதை ஜெயிக்க முடியாது.

கேனிஸ்டர் ஏன் இங்கே உதவவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அது அழுக்கைப் பிடிக்கிறது, உண்மை. ஆனால் பிடித்த அழுக்கு தண்ணீர் ஓட்டத்துக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா அதை அம்மோனியா ஆக்கி, அதை நைட்ரைட் ஆக்கி, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அங்கே வேலை நின்றுவிடுகிறது. வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவதும் இதுவும் ஒன்று. வாரம் ஒரு முறை திறந்து கழுவினால் கேனிஸ்டரும் நல்ல கருவிதான். கழுவ யார் இருக்கிறார்கள்?

நான் செய்த தவறு

முதல் வருகையில் நான் சொன்னது இது: உப்படர்த்தியை மெல்ல இறக்குவோம், கேனிஸ்டரைக் கழுவுவோம், ஐந்து நாளுக்கு ஒரு தடவை 20 சதவீதம் என மூன்று தடவை தண்ணீர் மாற்றுவோம், அப்புறம் பாசி தின்ன ஆறு நத்தை விடுவோம், கரைந்த அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரைப் பிறகு யோசிப்போம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மூன்று தடவை மாற்றியபின் நைட்ரேட் 45க்கு வந்தது. நத்தைகளைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் பழக்கித்தான் உள்ளே விட்டேன். நாலாம் நாள் ஐந்து செத்திருந்தன.

நைட்ரேட் பாதியாகிவிட்டது, உப்பு சரியாகிவிட்டது, மீன் எல்லாம் ஜோராக இருக்கிறது; நத்தை மட்டும் சாகிறது. முதுகெலும்பு உள்ளது பிழைத்து, இல்லாதது மட்டும் சாகிறதென்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் செம்பு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து போடுவார்கள். மீன் பிழைத்துக்கொள்ளும், அந்த அளவுச் செம்பு நத்தை, இறால், பவளம் எதையும் விட்டு வைக்காது. மருந்து ஏதாவது போட்டீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லவே இல்லை என்றார்.

திரும்பி நடந்தபோதுதான் சுவரில் இருந்த குடிநீர் இயந்திரம் கண்ணில் பட்டது. முகப்பில் நீல விளக்கு, அதற்குக் கீழே 'காப்பர்' என்ற எழுத்து. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்ற நம் ஊர் நம்பிக்கையை வைத்து விற்பனைக்கு வந்த வகை. மெம்பரேன் வழியாகச் சுத்தமாகி வரும் தண்ணீரில் கடைசிக் கட்டத்தில் செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும். தொட்டிக்கான தண்ணீர் எட்டு மாதமாக அதிலிருந்துதான் பிடிக்கப்பட்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாதபோது 1.5 வரை அனுமதி. மனிதனுக்கு அது ஒன்றும் செய்யாது. நத்தைக்கு அதில் சிறு பங்கே போதும்.

வருடக்கணக்காக இந்த இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிறவன் நான். ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறோம் என்று டாக்டர் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். என்ன ஆர்.ஓ. என்று கேட்கவில்லை. நான் மாற்றச் சொன்ன ஒவ்வொரு வாளியும் புதிதாகச் செம்பைக் கொண்டு வந்து கொட்டியிருக்கிறது. செம்புக்கான கிட் வாங்கிப் பார்த்தேன். இயந்திரத் தண்ணீரில் நிறம் தெளிவாக வந்தது, தொட்டித் தண்ணீரில் மங்கலாக. மீதிச் செம்பு எங்கே போயிருக்கும்? சுண்ணாம்புக் கல்லும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அந்த ஆறு நத்தைக்கான பணத்தை டாக்டர் வாங்க மறுத்தார். வலுக்கட்டாயமாகக் கொடுத்தேன்.

தண்ணீர் முதலில்

ஆக, ஃபில்டர் தேர்வு தொட்டிக்கு வெளியே, குழாயடியில் ஆரம்பமாயிற்று. மருத்துவமனையின் போர் தண்ணீர் என் மீட்டரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 1,350 காட்டியது. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் அதில் பாதிகூட இருக்காது, ஆனால் அதில் குளோரின் இருக்கும். நம் ஊரில் வீட்டு ஆர்.ஓ. பெரும்பாலானவற்றில் செம்பு இல்லாவிட்டாலும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைச் சுத்தத் தண்ணீரோடு கலந்துவிடும் வேலை அது. கடல் தொட்டிக்கு அது பின்வாசல் வழியாகத் திருடனை விடுவதுபோல. மூலத் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் சிலிக்காவும் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும்.

தனியாக ஒரு வரிசை போட்டேன்: தூசிக்கு ஒரு செடிமென்ட் கார்ட்ரிட்ஜ், குளோரினுக்கு கார்பன், மெம்பரேன், கடைசியில் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின். மெம்பரேன் தாண்டியபோது 48, ரெசின் தாண்டியபோது 0. உள்ளே போகும் 48ம் ரெசினைத் தின்றுவிடும். அதனால் மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் மட்டும் பிடித்து டிரம்மில் சேர்த்துக்கொள்ள அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தொட்டிக்கு வாரம் 60 லிட்டர் வேண்டும். அதற்கு மூன்று மடங்கு கழிவு நீர் வெளியே போகும். மதுரையில் இருந்துகொண்டு அதைச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் போகும்படி குழாய் இழுத்துவிட்டோம்.

உப்பைப் பற்றி ஒன்று. "தூத்துக்குடி உப்பு மூட்டை வாங்கிக் கரைச்சா ஆகாதா?" என்று டாக்டர் மட்டுமல்ல, எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணமும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். உப்பு விளைந்தபின் மெக்னீசியமும் பொட்டாசியமும் உள்ள கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். நமக்குக் கிடைப்பது சோடியம் குளோரைடு. சமையலுக்கு அருமை, பவளத்துக்குப் பட்டினி. மண்டபத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஊருக்கு நூற்றைம்பது கிலோமீட்டர், வாரா வாரம் ஆகிற காரியமில்லை. வடகிழக்குப் பருவமழை காலத்தில் உப்படர்த்தி இறங்கியிருக்கும் என்பதால் அந்தத் தண்ணீரை நான் தொடுவதே இல்லை. தொட்டி உப்புக் கலவையே போட்டோம், லிட்டருக்கு 36 கிராம்.

எதை வைத்தோம், எதை விட்டோம்

டாக்டரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: அழுக்கு எந்த நிலையில் தொட்டியை விட்டு வெளியே போக வேண்டும்? சாப்பிட்டு மிஞ்சிய உணவாக இருக்கும்போதே பிடித்துத் தூக்கி எறியலாம். கரைந்த கரிமப் பொருளான பிறகு எடுக்கலாம். நைட்ரேட் ஆன பிறகு எடுக்கலாம். பின்னால் போகப் போக வேலை கடினமாகிறது. கடையில் எத்தனை பெயரில் ஃபில்டர் இருந்தாலும் இந்த மூன்று வாசலில் ஒன்றில்தான் நிற்கும்.

முதல் வாசலில் பை ஃபில்டர். 200 மைக்ரான் துணிப்பை; தண்ணீர் சம்பில் விழும் இடத்தில் தொங்கும். (சம்ப் என்றதும் அக்கா வாசலைக் காட்டி, "அது தரைக்குள்ள இருக்கே தம்பி, அதுக்குள்ளயா போகணும்?" என்றார். நம் ஊரில் சம்ப் என்றால் அதுதானே. தொட்டிக்காரர்கள் சொல்லும் சம்ப், அலமாரிக்குள் வைக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி.) பையை மூன்று நாளுக்கு ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். நாலு நாள் தாண்டினால் அதுவும் இன்னொரு கேனிஸ்டர்தான்.

இரண்டாம் வாசலில் புரோட்டீன் ஸ்கிம்மர். மொத்தச் செலவில் இதற்குத்தான் அதிகம் போயிற்று. பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்துப் போடுகிறோமே, அதே வேலை. கரைந்திருக்கும் புரதத்துக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை அதை வெறுத்துக் காற்றைத் தேடும். நுண்ணிய குமிழிகளைக் கூட்டமாகத் தண்ணீருக்குள் விட்டால் அவற்றின் மேல்தோலில் இந்தப் பொருள்கள் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, கோப்பையில் பழுப்பு நுரையாகத் தேங்கும். உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நுணுக்கமாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. நன்னீரில் இந்த வித்தை பலிக்காது. நன்னீர் மீன்கடை அனுபவத்தை மட்டும் வைத்துக் கடல் தொட்டி அமைத்துத் தருகிறவர்கள் ஸ்கிம்மரை மறந்துபோவது அதனால்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு லாபம் ஆக்சிஜன். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 6.2தான். மதுரைக் கோடையில் அந்த அரை மில்லிகிராம் பெரிய விஷயம்.

பல் மருத்துவமனைக்கென்றே ஒரு சிக்கல் வந்தது. ஸ்கிம்மர் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். அந்த அறையில் ஸ்பிரிட்டும் கிருமிநாசினி ஸ்பிரேயும் இல்லாத நேரம் இல்லை. போதாததற்கு ஏ.சி. போட்டுச் சன்னலைச் சாத்தி இருபது பேர் உட்கார்ந்து மூச்சு விடும் இடம்; அந்தக் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து பிஎச் 7.8லேயே கிடந்தது. காற்றுக் குழாயைப் பின்பக்கச் சன்னல் வழியாக வெளியே நீட்டினோம். வேறு ஒன்றும் செய்யாமல் நாலே நாளில் 8.1. ஸ்கிம்மர் போடும் சத்தத்தைப் பற்றி டாக்டர் கவலைப்பட்டார். உள்ளே அவர் போடும் டிரில் சத்தத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

மூன்றாம் வாசலில் இரண்டு ஏற்பாடு. ஒன்று கல். நுண்துளை உள்ள கல்லின் உட்புறத்தில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடும். 1960களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவின் லீ சின் எங் உயிர்ப்பாறையும் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல்) காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டி வளர்த்துக் காட்டினார். பிறகு பெர்லின்காரர்கள் அதோடு ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். இன்று நாம் வைப்பது ஏறக்குறைய அந்தப் பெர்லின் முறைதான்.

கல் எங்கிருந்து வரும் என்பதில் எனக்கும் டாக்டருக்கும் சின்ன உரசல். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து 'அசல் பவளப்பாறை' கொண்டு வந்து தருகிறேன் என்றாராம். அதைக் கொண்டு வந்தால் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன் என்றேன். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986லேயே தேசியப் பூங்கா அறிவித்தாயிற்று. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்த காயம் இன்னும் ஆறவில்லை. சட்டத்தை விடுங்கள், அந்தக் கரையில் ஒரு தடவை முகமூடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தவன் அதைப் பெயர்த்துக் கொண்டு வரச் சொல்ல மாட்டான். செம்பு ஏறிய பழைய கல்லையும் மணலையும் மொத்தமாக அகற்றிவிட்டு, நுண்துளை உள்ள பீங்கான் கல் போட்டோம். வெறும் கல் என்பதால் பாக்டீரியா முதலிலிருந்து குடியேற வேண்டும். மீன்கள் தற்காலிகமாக வைத்த ஒரு நீலத் தொட்டியில் ஐந்து வாரம் காத்திருந்தன. அதற்குள் ஒன்பதில் நாலைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

இரண்டாவது ஏற்பாடு பாசி. பாசியால் வந்த தொல்லைக்குப் பாசியா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், ஆனால் நாம் சொல்லும் இடத்தில் வளரும் பாசி. சம்பின் ஒரு அறையில் கீட்டோ என்ற சுருள் பாசியை ஒரு பந்து போட்டு விளக்கு வைத்தோம். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று வளரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீரை பறிப்பதுபோல ஒரு கைப்பிடி பறித்து எறிந்தால் அழுக்கு அதோடு போயிற்று. மேலே விளக்கு அணையும் இரவு நேரத்தில் கீழே எரிய வைத்தோம். இரவில் பிஎச் விழுவதையும் அது கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து வால்டர் ஏடி வழியில் வந்த பாசித் தட்டு முறையும் நல்ல முறை. தட்டை வாரா வாரம் கழற்றிச் சுரண்ட வேண்டும் என்பதால் இங்கே வேண்டாம் என்று விட்டேன்.

விட்டவை இன்னும் சில. பாக்டீரியா குடியேற வைக்கும் பிளாஸ்டிக் பயோ பந்துகள் நைட்ரேட் வரை கொண்டுபோய் நிறுத்திவிடும், கல் இருக்கும்போது தேவையே இல்லை. யூ.வி. விளக்குக்கு இப்போது வேலை இல்லை. வோட்கா அல்லது வினிகர் ஊற்றி பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட்டை இழுக்கும் முறையைச் சொன்னபோது டாக்டர் முகம் மலர்ந்தது. வேலை செய்யும் முறைதான். ஆனால் பெருகிய பாக்டீரியா ஆக்சிஜனைக் குடிக்கும். கரண்ட் போய் ஸ்கிம்மர் நின்ற நேரத்தில் அது நடந்தால் விடிவதற்குள் மீன் மிதக்கும்.

கார்பனும் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடும் சிறு பைகளில் வைத்தோம். இரும்பு ஆக்சைடில் எனக்கு அவசரம் வந்துவிட்டது. டப்பாவில் சொன்ன அளவை முழுதாகப் போட்டேன். புதிதாக வைத்த மஷ்ரூம்கள் மூன்றாம் நாளே சுருங்கின. பாதியை எடுத்ததும் விரிந்தன. பாஸ்பேட் சட்டென்று விழுந்தால் பவளத்துக்கு அது பஞ்சம். மென்பவளத் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருக்கவே கூடாது. நான் வைத்த இலக்கு நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.1க்குள்.

கரண்ட் போனால்

சம்ப் வைக்கும்போது எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். கரண்ட் போனதும் மேலே ஏற்றும் பம்ப் நிற்கும். மேல் தொட்டியில் வழியும் மட்டத்துக்கு மேலிருக்கும் தண்ணீர் அத்தனையும் கீழே வரும். மூன்று செ.மீ. உயரம் இறங்கினால் 120ஐ 45ஆலும் 3ஆலும் பெருக்க, 16 லிட்டர். குழாயில் நிற்பதும் சேர்ந்தால் இருபதைத் தொடும். நம் சம்ப் 108 லிட்டர் கொள்ளும். அதில் 50 லிட்டர்தான் ஓட்டத்தில் இருக்கும்படி கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது என்று சிவப்பு டேப் ஒட்டினேன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் துளை போட்டே தண்ணீரை இறக்கினோம். விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் பெட்டி விலை குறைவு, ஆனால் கரண்ட் திரும்பி வரும்போது சைஃபன் பிடிக்காமல் போனால் பம்ப் ஏற்றும் தண்ணீர் முழுக்கத் தரையில்தான். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை இருக்கிறது.

மருத்துவமனை இன்வெர்ட்டரில் 25 வாட் பம்பையும் 10 வாட் அலை மோட்டாரையும் மட்டும் சேர்த்தோம். ஸ்கிம்மரைச் சேர்க்கவில்லை.

அது சரிதானா என்று சித்திரைத் திருவிழா சோதித்தது. எதிர்சேவை அன்று தல்லாகுளத்துக்குள் வண்டி நுழையாது. அடுத்த நாள் அழகர் ஆற்றில் இறங்கும் நாள். மருத்துவமனை இரண்டு நாளும் விடுமுறை, ஏ.சி. இல்லை. முதல் நாள் மதியம் கரண்ட் போய் ஐந்து மணி நேரம் வரவில்லை என்று மாடியில் குடியிருப்பவர் போனில் சொன்னார். கூட்டத்துக்குள் நீந்தி நான் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது. தண்ணீர் 30.6 டிகிரி. மீன்கள் வேகமாக மூச்சு விட்டன, மேலே வந்து வாய் பிளக்கவில்லை. கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் கோப்பை பொங்கி வழிந்து, வழிந்தது எல்லாம் சம்புக்குள்ளேயே விழுந்திருந்தது. நல்லவேளை, அதை அலமாரித் தரையில் வைக்காமல் சம்புக்குள் வைத்திருந்தேன். பழைய கேனிஸ்டர் இருந்திருந்தால் மூடிய டப்பாவுக்குள் ஐந்து மணி நேரம் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்து, கரண்ட் வந்த நொடியில் அந்த நாற்றத் தண்ணீரைத் தொட்டிக்குள் பீய்ச்சியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் சம்பின் மேல் இரண்டு சின்ன விசிறிகள் வைத்தோம். மூன்று டிகிரி வரை இறக்குகிறது. பதிலுக்குத் தினம் ஆறு லிட்டர் ஆவியாகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாமா என்பது அடுத்த கோடைக்குள் முடிவாக வேண்டும்.

இப்போது

மே மாத இறுதியில் எடுத்த அளவுகள்: உப்படர்த்தி 1.025, பிஎச் பகலில் 8.1, நைட்ரேட் 12, பாஸ்பேட் 0.08. செம்பு கிட்டில் நிறமே வரவில்லை. வாரம் பத்து சதவீதம் மாற்றும் தொட்டியில் 12ல் நிற்கிறது என்றால், முன்பு ஏழு ஏறிய இடத்தில் இப்போது வாரம் ஒன்றேகால் அளவுக்குத்தான் ஏறுகிறது என்று பொருள். இது முழுவதும் ஸ்கிம்மரின் சாதனை என்று சொன்னால் பொய். மீன் ஒன்பதிலிருந்து ஐந்தாகிவிட்டது, தீனி பாதியாகிவிட்டது. எந்த ஃபில்டரும் வராமலே பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததால் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வு என்ற வகையில் இது குறைதான்.

பிப்ரவரியில் விட்ட எட்டு நத்தையில் ஏழு இருக்கின்றன. ஒன்று கண்ணாடி ஏறி வெளியே விழுந்து காய்ந்துவிட்டது.

அக்கா ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். பை கழுவிய தேதி, கோப்பை கொட்டிய தேதி, எத்தனை லிட்டர் ஊற்றினார், எல்லாம் இருக்கும். போன வாரம் பாஸ்பேட் 0.11க்கு ஏறியிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். பத்து நாள் முன்னால், 'டாக்டர் புதுத் தீனி டப்பா வாங்கி வந்தார், பிள்ளைகள் போடக் கேட்டால் கொடுக்கச் சொன்னார்' என்று எழுதியிருந்தார். டப்பாவை இப்போது அவர் மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறோம்.